ஆறாம் பலகையின் அரைப்புள்ளி



நம் சபையின் பெற்றோர் சிலர் கடந்த சில வாரங்களாக என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். தங்கள் பிள்ளைகள் சதுரங்கக் கழகத்தின் அணியில் சேர்ந்து லீக் ஆட்டங்களில் ஆடுவது தேவைதானா என்பதே அக்கேள்வி. வார இறுதிகளில் நடக்கும் தனிநபர் போட்டிகளில் பிள்ளை முன்னேறுகிறான், கோப்பை வாங்குகிறான், ரேட்டிங் உயர்கிறது. கழக அணிக்காக ஆடினாலோ, மறுநாள் பள்ளி இருக்கையிலும் இரவு பத்தரை மணி வரை விழித்திருக்க வேண்டும். மாதத்தில் ஓரிரு முறை வேறு ஊருக்குப் பயணப்பட வேண்டும். பரிசென்று கையில் எதுவும் வராது. இதனால் என்ன பயன் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

என் கருத்தை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆடட்டும். தனிப்போட்டிகளில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டாவது அணிக்காக ஆடட்டும். இதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. அவற்றையும் பின்னர்ச் சொல்வேன்.

நாம் ஞாயிறு பிற்பகலில் கூடி ஆராதிக்கும் இதே மண்டபத்தில்தான் வியாழன் மாலைகளில் சதுரங்கக் கழகம் கூடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். லண்டன் மாநகரின் இந்தப் புறப்பகுதியில் மட்டுமன்று, இங்கிலாந்தின் எத்தனையோ சிறு நகரங்களிலும் சதுரங்கக் கழகங்களுக்கு ஆலய மண்டபங்களே வீடு. நம்மைப் போலவே அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள். நாற்காலிகளை அடுக்கி வைத்து, தேநீர்க் கோப்பைகளைக் கழுவி, விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டியவர்கள். ஆலயத்துக்குரிய இடத்தில் விளையாட்டா என்று மூத்த சகோதரர் ஒருவர் முகம் சுளித்தார். அவருக்குத் துணையாக வரலாற்றில் பெரிய ஒருவர் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்னும் திருச்சபைத் தலைவர், சதுரங்கம் ஆடிய பிளாரன்ஸ் நகரப் பேராயரைக் கடிந்துகொண்டு, சங்கீத புத்தகம் முழுவதையும் மூன்று முறை ஓதவும், பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவவும் தண்டனை விதித்தார். சதுரங்கம் வேறு, பகடை வேறு என்று பேராயர் வாதாடிப் பார்த்தார், பயனில்லை. எனினும், பிற்காலத்தில் ஊழியக்காரர்களே இவ்விளையாட்டில் பெயர் பெற்றார்கள். ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ரூய் லோபஸ் 1561இல் எழுதிய சதுரங்க நூலால் அவருடைய பெயர் ஒரு தொடக்க முறைக்கே நிலைத்துவிட்டது. செஷயர் மாவட்டத்தில் குருவாகப் பணியாற்றிய ஜான் ஓவன், 1858இல் லண்டனில், அந்நாளில் ஒப்பாரின்றித் திகழ்ந்த அமெரிக்கர் பால் மார்ஃபியை ஓர் ஆட்டத்தில் வென்றிருக்கிறார். ஆகவே, மண்டபத்தைப் பற்றிய மனக்குறையை மூத்த சகோதரர் பொறுத்தருள வேண்டும்.

இனி லீக் ஆட்டத்துக்கு வருவோம். அறியாதோர் பொருட்டு அதன் முறையைச் சற்று விரித்துரைக்கிறேன். ஏனெனில், நான் சொல்ல விரும்புவதெல்லாம் அம்முறைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு கழகங்கள் சந்திக்கின்றன. லீக்கின் பிரிவைப் பொறுத்து ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பேரோ, ஆறு பேரோ, எட்டுப் பேரோ வருகிறார்கள். நீண்ட மேசைகளில் பலகைகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. முதல் பலகையில் இரு அணிகளின் வலிமையானவர்கள் எதிரெதிரே அமர்வார்கள். இரண்டாம் பலகையில் அடுத்தவர்கள். இப்படியே கடைசிப் பலகை வரை. பல லீக்குகளில், விருந்தாளியாக வந்த அணிக்கு ஒற்றைப்படைப் பலகைகளில் வெள்ளைக் காய்கள். உள்ளூர் அணிக்கு இரட்டைப்படைப் பலகைகளில். வென்றவருக்கு ஒரு புள்ளி, டிரா செய்தவர்களுக்கு ஆளுக்கு அரைப்புள்ளி. எல்லாவற்றையும் கூட்டி எந்த அணி முன்னிற்கிறதோ அதுவே வெற்றி பெற்றது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் பலகையில் இருபது ஆண்டுகளாகப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த ஒருவர், மூன்று மணி நேரம் வியர்வை சிந்தி எடுக்கும் புள்ளியும் ஒன்றுதான். கடைசிப் பலகையில், சென்ற ஆண்டுதான் ஆட்டத்தைச் சரியாகக் கற்றுக்கொண்ட பள்ளிச் சிறுமி எடுக்கும் புள்ளியும் ஒன்றுதான். தாளில் எழுதும்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமையை நினைத்து முறுமுறுக்கும் முதல் பலகைக்காரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பலகை வரிசையை அணித்தலைவர் தம் விருப்பம்போல் அமைக்க முடியாது. ரேட்டிங் ஏறத்தாழ இறங்குமுகமாக இருக்கவேண்டும் என்று லீக் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இவ்விதி ஏன் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அது இல்லாவிட்டால், அணியின் மிகவும் பலவீனமான ஆட்டக்காரரைக் கொண்டுபோய் எதிரணியின் முதல் பலகைக்காரர் முன் அமர்த்திவிடலாம். அவர் எப்படியும் தோற்பார். மற்ற ஐவரும் தத்தமக்குக் கீழானவர்களுடன் ஆடி வெல்லலாம். கணக்குப்படி இது ஆதாயமே. ஆனால் அந்த ஒருவரைப் பலியாக்கித்தான் இவ்வாதாயம் கிடைக்கும். பலவீனமானவரை அவருக்கு ஒப்பானவருடன்தான் ஆடவைக்க வேண்டும் என்று விதி எழுதியவர்களை நான் மதிக்கிறேன். பல நிறுவனங்களில் இப்படியொரு விதி இல்லை.

இன்னொரு விதி இதைக் காட்டிலும் கடுமையானது. குறித்த நேரத்துக்குள் ஒருவர் வந்து சேராவிட்டால் அந்தப் பலகையின் புள்ளி எதிரணிக்குப் போய்விடும். வராதவருக்கு இதில் தனிப்பட்ட நட்டம் ஏதும் இல்லை. ஆடப்படாத ஆட்டம் ரேட்டிங்கில் கணக்கிடப்படுவதில்லையாதலால், அவருடைய எண்ணிக்கை அசையாமல் அப்படியே இருக்கும். இழப்பவர்கள் இரண்டு தரப்பார். ஒன்று, ஐந்து பேரைக் கொண்டு ஆறு பேருக்கு எதிராக ஆடும் அவருடைய சொந்த அணி. மற்றொன்று, வேலை முடிந்து உடையும் மாற்றாமல் பதினைந்து மைல் கார் ஓட்டி வந்து, வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்த எதிராளி. அவருக்கு ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அவர் புள்ளிக்காக வரவில்லை, ஆட்டத்துக்காக வந்தார். நம் மண்டபத்தில் அப்படி அமர்ந்திருந்த ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். தேநீர் கொடுத்தார்கள். அரைமணி நேரம் மற்றவர்களின் பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தம் அணியினர் முடிக்கும் வரை காரிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்பொழுது பெற்றோரின் கேள்விக்குக் காரணமாயிருந்த ஆட்டத்தைக் குறித்துச் சொல்லவேண்டும். நம் சபையின் பிள்ளைகளில் ஒருவன் கழகத்தின் இரண்டாம் அணியில் ஆறாம் பலகையில் ஆடுகிறான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்கள் தேடவேண்டாம். குளிர்காலத்தில் ஒரு வியாழன் மாலை, மண்டபக் கணக்கு விஷயமாக அங்கே சென்றிருந்த நான், ஆட்டம் முடியும் வரை அங்கேயே தங்கிவிட்டேன்.

ஏழரைக்குக் கடிகாரங்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொருவருக்கும் 75 நிமிடங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடிகள் கூடுதல். முதல் ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தில் கேட்டதெல்லாம் வெப்பக்குழாயின் முனகலும், எப்போதாவது கடிகாரத்தை அழுத்தும் ஒலியும்தான். எட்டரை மணிக்கு நான்காம் பலகையில் நம்மவர் ஒருவர் தம் ராணியைக் கவனக்குறைவால் இழந்தார். கைகுலுக்கிவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். ஐந்தாம் பலகையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அமைதியாக வென்று கணக்கைச் சமன் செய்தார். இரண்டாம் பலகையும் முதல் பலகையும் அடுத்தடுத்து டிராவில் முடிந்தன. மூன்றாம் பலகையில், கழகத்திலேயே வயது முதிர்ந்தவர், எதிராளியின் ராஜாவை மூலையில் அடைத்து வென்றார். கழகம் 3, எதிரணி 2. ஆறாம் பலகை மட்டுமே மிச்சம்.

பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. பத்துப் பேர் அந்த ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். பையனிடம் யானையும் மூன்று சிப்பாய்களும், எதிராளியிடம் யானையும் இரண்டு சிப்பாய்களும் இருந்தன. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், இவனுடைய கடிகாரத்தில் மூன்று நிமிடங்களுக்கும் குறைவு, அவருடையதில் ஆறு. அவர் ஐம்பது வயதைக் கடந்தவர், இவனைவிட ரேட்டிங்கில் ஏறத்தாழ 200 புள்ளிகள் கூடியவர். அவர் நகர்த்திவிட்டு, மெல்லிய குரலில் டிரா தருவதாகச் சொன்னார்.

பையன் தலையைத் தூக்கி அணித்தலைவரைத் தேடினான். அவர் அங்கே நிற்கவில்லை. சுவர் ஓரத்தில், புள்ளிகள் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே அப்படி நின்றார் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அணிப்போட்டிகளுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் விதிகளின்படி, அணித்தலைவர் தம் ஆட்டக்காரரிடம் டிரா கேட்கவோ, டிராவை ஏற்கவோ, தோல்வியை ஒப்புக்கொள்ளவோ ஆலோசனை கூறலாம். ஆனால், அவ்வாலோசனை போட்டியின் புள்ளி நிலவரத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். பலகையில் உள்ள நிலையைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லலாகாது. இன்னொருவரிடம் கேட்டுச் சொல்வதும் குற்றம். நிலையைப் பாராதவன் அதைக் குறித்துப் பேச முடியாதல்லவா? அதனால்தான் அவர் முதுகைக் காட்டி நின்றார். பையன் அருகில் சென்று கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: டிரா ஆனால் நாம் வெல்கிறோம், தீர்மானம் உன்னுடையது.

அவன் திரும்பி வந்து அமர்ந்தான். தன் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழித்தான். பின்பு கையை நீட்டினான். மூன்றரைக்கு இரண்டரை என்று கழகம் வென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் பெற்றோரின் கேள்வி எழுந்திராது. வீட்டுக்குப் போன பிறகு தந்தையார் ஆட்டத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். கடைசி நிலையில் வெள்ளைக்குத் தெளிவான வெற்றி என்று என்ஜின் காட்டியது. ஒரே ஒரு சரியான நகர்வு இருந்தது. அதன் பிறகு சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து கைத்தொலைபேசியில் அதைக் காட்டினார். வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். சொந்த ஆட்டத்தில் பெரியவர் ஒருவரை வீழ்த்தும் முதல் வாய்ப்பு அது. இனி எப்போது வரும் என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். இரண்டு வேலை பார்த்துப் பயிற்சிக் கட்டணம் கட்டுகிறவர். அவருடைய வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை, நீங்களும் தள்ளிவிடாதீர்கள்.

ஆயினும், பிரியமானவர்களே, அந்த என்ஜினிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு, பையனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. இந்நிலையில் சிறந்த நகர்வு எது என்று என்ஜினிடம் கேட்டார்கள். அது சரியாகவே விடை சொன்னது. மற்ற ஐந்து பலகைகளில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. கடிகாரத்தில் மூன்று நிமிடம்கூட இல்லை என்பதும், அந்தச் சரியான நகர்வைக் காணாமல் வேறொன்றை ஆடியிருந்தால் கணக்கு 3–3 ஆகிச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவரிலிருந்து மூலையில் ராஜாவை அடைத்த முதியவர் வரை ஐவரின் மாலைப்பொழுதும் வீணாயிருக்கும் என்பதும் அதற்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும். தெரிந்துதான் கை நீட்டினான். அவனுடைய அரைப்புள்ளி, அன்றிரவு முதல் பலகைக்காரர் எடுத்த அரைப்புள்ளிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பார்க்கப்போனால், போட்டியைத் தீர்த்து வைத்ததே அதுதான்.

ரேட்டிங்கைக் குறித்தும் ஒரு வார்த்தை. 200 புள்ளிகள் கூடியவருடன் ஆடும்போது இவனிடமிருந்து கணக்கு எதிர்பார்ப்பது ஏறத்தாழக் கால் புள்ளி மட்டுமே. அரைப்புள்ளி எடுத்ததால் அவனுடைய ரேட்டிங் உயர்ந்துதான் இருக்கிறது. வென்றிருந்தால் இன்னும் அதிகமாக உயர்ந்திருக்கும், அவ்வளவே. தந்தையார் இதை அறியாதவர் அல்லர். உண்மையில் அவர் மனத்தில் இருந்தது எண்ணிக்கை அன்று. தம் பிள்ளையின் உழைப்புக்குப் பிறர் உரிமை கொண்டாடிவிட்டார்களோ என்பதே அது. அயல்நாட்டில் வந்து குடியேறிய நமக்கு இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை. வேலையிடங்களில் நாம் செய்ததைப் பிறர் தம் பெயரில் எழுதிக்கொண்டதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆகவே பிள்ளையாவது தனித்து நின்று, தன் பெயரில், தன் புள்ளியைப் பெறட்டும் என்று எண்ணுகிறோம். அந்த எண்ணம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அன்றிரவு நடந்தது அதுவன்று. பெரியவர்கள் ஐந்து பேர் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் போட்டியின் முடிவை ஒப்படைத்துவிட்டு, வாய்திறவாமல் நின்றார்கள். அணித்தலைவர் பலகையைப் பார்க்கக்கூட மறுத்தார். வேறு எந்த இடத்தில் நம் பிள்ளைகள்மேல் பெரியவர்கள் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறார்கள்?

டிராவை மறுத்திருந்தால் தவறா என்று கேட்பீர்களாயின், தவறில்லை என்றே சொல்வேன். தீர்மானம் உன்னுடையது என்று அணித்தலைவர் சொன்னதில் பொருள் இருக்கவேண்டுமானால், மறுப்பதற்கும் இடம் இருக்கத்தான் வேண்டும். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடை உங்களில் பலர் இரவு பகலாகப் பின்தொடர்ந்தீர்கள். பத்தாம் சுற்றில் இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானைச் சந்தித்தது. அதுவரை எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று உலகையே வியக்கவைத்திருந்த குகேஷ், முதல் பலகையில் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி வாய்ப்புள்ள நிலையிலிருந்து தோற்றார். அப்போது அவருக்கு வயது 16. அன்று பிரக்ஞானந்தா வென்றதால் போட்டி 2–2 என்று சமனானது. எட்டும் தொலைவில் இருந்த தங்கம் நழுவி, முடிவில் அவ்வணி வெண்கலம் பெற்றது; உஸ்பெகிஸ்தான் தங்கம் கொண்டுபோனது. அன்றிரவு அந்த இளைஞரின் முகத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவரை அணி தள்ளிவிடவில்லை. 2024இல் புடாபெஸ்டில் இந்தியா தங்கம் வென்றபோது முதல் பலகையில் அமர்ந்திருந்தவரும் அவரே. அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் அவர் உலகச் சாம்பியன் ஆனதை நாமெல்லாரும் கொண்டாடினோம். அணியில் ஆடுகிறவன் தன் தோல்வியைத் தனியே சுமப்பதில்லை. பக்கத்துப் பலகையில் இருப்பவன் அதில் பாதியைத் தாங்குகிறான். தனிப்போட்டியில் தோற்ற பிள்ளை காரின் பின்னிருக்கையில் வாய்மூடி வீடு வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

நம் பெற்றோர் அடிக்கடி சுட்டிக்காட்டும் பெயர் ஒன்றுண்டு: ஹாரோவில் வளர்ந்த போதனா சிவானந்தன். அவருடைய தனித்திறமையைச் சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகளை நெருக்குகிறோம். அதே புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இங்கிலாந்து மகளிர் அணியில், தம்மைவிடப் பலமடங்கு வயது மூத்தவர்களோடு சேர்ந்து அவர் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது அவருக்கு வயது 9. சென்னையிலும் 1972இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் போன்ற பெரியவர்கள் நடமாடிய இடத்தில்தான் சிறுவன் ஆனந்த் வந்து அமர்ந்தார். மூத்தோரும் சிறியோரும் ஒரே மேசையில் அமரும் இடம் ஒன்று எங்கும் வேண்டியிருக்கிறது. உடலையும் அதன் உறுப்புகளையும் குறித்துப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது உங்களுக்கு நினைவுக்கு வரும். அதை இங்கே நான் விரிக்கப் போவதில்லை. ஆனால் நம் சபையிலேயே பிள்ளைகள் ஒரு பக்கமும் முதியவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து உட்காருகையில், வியாழன் மாலை அம்மண்டபத்தில் எழுபது வயது முதியவரும் பன்னிரண்டு வயதுப் பையனும் தோற்ற ஆட்டத்தைத் தலைசேர்த்துக் குனிந்து ஆராய்வதைக் காணும்போது எனக்குச் சற்றே பொறாமையாக இருக்கிறது. அந்த முதியவர்தான் பையனுக்குப் பழைய நாட்களின் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் நேரம் முடிந்தும் ஆட்டம் முடியாவிட்டால், அடுத்த நகர்வை எழுதி உறையிலிட்டு ஒட்டி, வேறொரு நாள் தொடர்வார்களாம். அல்லது நிலையைத் தாளில் எழுதி வலிமையான ஆட்டக்காரர் ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பித் தீர்ப்புக் கேட்பார்களாம். வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் இரண்டு வாரம் தபால்காரருக்காகக் காத்திருந்ததைக் கேட்டுப் பையன் வாய்பிளந்தான்.

இனி நிபந்தனைகள். அணித்தலைவர் ஆலோசனை கூறலாம், ஆணையிடலாகாது. அன்றிரவு அவர் டிராவை ஏற்றுக்கொள் என்று அதட்டியிருந்தாரானால் நான் தந்தையின் பக்கமே நின்றிருப்பேன். பிள்ளையை ஆடவிடாமல் காயைப்போல் நகர்த்துவது வேறு காரியம். அடுத்து, பெரியவர்கள் தூரப்பயணத்துக்குச் சோம்பி, வெளியூர் ஆட்டங்களுக்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பி எண்ணிக்கையை நிரப்பும் வழக்கம் சில கழகங்களில் இருக்கிறது. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பதினொரு மணிக்கு வீடு திரும்பும் பயணத்தைப் பள்ளிப் பிள்ளைக்கு வாரந்தோறும் சுமத்தக் கூடாது. மாதத்துக்கு ஒரு வெளியூர் ஆட்டம் போதும். அதற்கும் பெற்றோரில் ஒருவர் உடன் போகவேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கான விதிகளைக் கழகம் கைக்கொள்கிறதா, அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நல்ல கழகம் இக்கேள்வியை வரவேற்கும். தேர்வுக்காலங்களில் ஆடமுடியாது என்றால் பருவத் தொடக்கத்திலேயே அணித்தலைவரிடம் தேதிகளைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் வருகிறேன் என்று சொன்ன பிறகு, அதே நாளில் வேறொரு போட்டியில் ரேட்டிங் கிடைக்கிறதென்று புதன்கிழமை இரவு செய்தி அனுப்பி விலகாதீர்கள். அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளாக அச்செய்தியை அனுப்புவதில்லை, அனுப்புகிறவர்கள் நாம்.

அந்தத் தந்தையாரோடு மறுபடியும் பேசினேன். அவர் இன்னும் முழுவதும் இணங்கிவிடவில்லை. இணங்கவேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை. பையனிடமே கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். அந்தச் சரியான நகர்வைப் பலகையில் நீ பார்த்தாயா என்றதற்கு, பார்க்கவில்லை என்றானாம். பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை அப்பா என்றானாம். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அணித்தலைவர் என்னிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறார். இரண்டாம் அணியின் மூன்றாம் பலகையில் ஆடிய முதியவருக்கு இம்மாதம் கண் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரங்கள் ஆடமுடியாது. எல்லாரும் ஒரு பலகை மேலே நகர, ஆறாம் பலகை காலியாகிறது. நம் சபையில் யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவிலிலும் கல்லூரி நாட்களில் சதுரங்கம் ஆடிய பெரியவர்கள் குறைந்தது மூவர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லி அழைக்கமாட்டேன். வியாழன் மாலை ஏழு மணிக்கு மண்டபம் திறந்திருக்கும்; பலகைகளை அடுக்கவும் ஆள் வேண்டும்.